மெட்டல் கேட்க ஹெட்ஃபோன், ஆம்ப்: 15,000 ரூபாயில் எதற்கு எவ்வளவு?

பாமணிக்கரை | ஞாயிறு இரவு 10:20

மன்னார்குடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். பழைய ஓட்டு வீடு. இரவானால் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். நான் பாட்டுக் கேட்கும் நேரமும் அதுதான். எல்லாம் மெட்டல் என்கிற கனத்த ராக் இசை: பாதி டெத் மெட்டல், மீதி மெதுவாகப் போகும் டூம். இத்தனை நாள் போனோடு வந்த இயர்ஃபோனிலேயே ஓட்டிவிட்டேன். டபுள் பேஸ் (இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் கிக் டிரம்) வந்தால் அதில் டிரம் கேட்காது, தகரக் கூரையில் மழை பெய்வதுதான் கேட்கும்.

கையில் 15,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. வீடியோக்களில் பார்ப்பவர்கள் எல்லோரும் "மெட்டலுக்கு பவர் வேண்டும், ஆம்ப் இல்லாமல் வாங்காதே" என்கிறார்கள். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்ஃபோன், 250 ஓம் மின்தடை கொண்டது, மனதில் இருக்கிறது. இல்லையென்றால் நல்ல ஆம்ப் ஒன்று 12,000-க்கு வாங்கிவிட்டு, ஹெட்ஃபோன் 3,000-க்கு எடுத்துக்கொண்டு பிறகு மாற்றலாமா என்றும் யோசனை.

இன்னொரு குழப்பம். நண்பன் தன்னிடம் இருந்த மேசை ஆம்ப்பை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறான். லேப்டாப்பிலிருந்து ஆக்ஸ் வயர் போட்டு ஆம்ப்புக்கு, ஆம்ப்பிலிருந்து ஹெட்ஃபோனுக்கு. பாட்டு ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. நின்றதும் தூரத்தில் பம்புசெட் ஓடுவது மாதிரி ஒரு ரீங்காரம். அது ஆம்ப்பின் கோளாறா, இல்லை விலை குறைந்த ஆம்ப் என்றால் இப்படித்தானா?

வெட்டாறு | ஞாயிறு இரவு 10:51

ஆம்ப்புக்கு 12, ஹெட்ஃபோனுக்கு 3 என்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. நீங்கள் கேட்கப்போகும் சத்தத்தின் குணத்தைத் தீர்மானிப்பது ஹெட்ஃபோன். ஆம்ப்பின் வேலை அதற்குப் போதுமான மின்சாரத்தைக் கெடுக்காமல் கொடுப்பது மட்டும்தான்.

"பவர் வேண்டும்" என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டிடி 990-க்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபெல் வரும் என்கிறார்கள். போனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் ஒன்று 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 ஓமுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 4 மில்லிவாட். மில்லிவாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல் கூடும், நான்கு மடங்கானால் 6. ஆக 102 டெசிபெல். வீட்டில் உட்கார்ந்து கேட்பவர் சராசரியாக 75, 80-ல்தான் கேட்பார். 85-ஐத் தாண்டினாலே காதுக்கு நல்லதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெட்டலுக்குத்தான் ஆம்ப் குறைவாகத் தேவை. இன்றைய மெட்டல் ஆல்பங்களை ஒரேயடியாக அமுக்கித்தான் வெளியிடுகிறார்கள். சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே பத்து டெசிபெல் இருந்தாலே பெரிய விஷயம். சரியாகப் பதிவு செய்த ஒரு தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தின் ஒரு அடி திடீரென்று எங்கேயோ ஏறி நிற்கும். அந்த ஒரு கணத்துக்குத்தான் ஆம்ப்பில் கையிருப்பு வேண்டும். மெட்டலில் எப்போதும் சத்தம், ஆனால் உச்சம் கிடையாது.

கல்லணை2011 | ஞாயிறு இரவு 11:15

வெட்டாறு அண்ணே கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ஈக்யூ போடும்போது, அதாவது பேஸ், நடு, மேல் என்று தனித்தனியே கூட்டிக் குறைக்கும்போது, எதையாவது 6 டெசிபெல் ஏற்றினால், உடைசல் வராமல் இருக்க மொத்தத்தையும் 6 இறக்க வேண்டும். 102 அப்போதே 96 ஆகிவிடும். அமுக்காத பழைய ஆல்பங்கள் வேறு சத்தம் குறைவாகப் பதிவானவை. அதற்கெல்லாம் டாங்கிள் மூச்சு வாங்கும். காசைக் கொட்ட வேண்டாம், ஒரு சின்ன ஆம்ப் வீட்டில் கிடக்கட்டும் என்கிறேன்.

நான் மெட்டல் கேட்டது கிராடோ எஸ்ஆர்80-ல். 32 ஓம், போனிலேயே பாடும். கிட்டார் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அடி பேஸ் அதில் குறைவுதான், அதை நான் தேடியதும் இல்லை. 2011 அக்டோபர் 30 பெங்களூரு மெட்டாலிகா கச்சேரிக்கு கும்பகோணத்தில் மயிலாடுதுறை–மைசூர் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனவன் நான். இரவு முழுக்க அன்ரிசர்வ்டில் நின்றேன், திரும்பி வந்தபோது மூன்று நாள் காதில் விசில். அந்தச் சத்தம் எந்த ஹெட்ஃபோனிலும் வராது. அதனால் தம்பி, "கச்சேரி மாதிரி" வேண்டும் என்று தேட வேண்டாம்.

கருங்குயில் | திங்கள் காலை 7:05

கூடத்தில் எல்லோரும் படுத்திருக்க டிடி 990-ஆ? அது திறந்த முதுகு ஹெட்ஃபோன், கப்பின் வெளிப்பக்கம் அடைத்திருக்காது. உங்கள் காதுக்கு வருவதில் பாதி பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் போகும். என் ஆயா ஒருமுறை எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, ரைஸ்மில்லை யார் இந்நேரத்தில் ஓட்டுவது" என்று கேட்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தது நார்வே பிளாக் மெட்டல். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

திறந்த முதுகில் இன்னொன்று, வெளிச் சத்தம் முழுதும் உள்ளே வரும். சீலிங் ஃபேன் தலைக்கு மேலே ஓடினால் அதன் காற்று கப் மேல் மோதி ஒரு உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். மார்கழி மாதம் விடிகாலை கோயில் குழாய் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டிடி 990-ல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. சிம்பல் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஜாஸில் அழகாக மினுங்குவது, பிளாஸ்ட் பீட் என்கிற அதிவேக டிரம் அடியில் ஓயாமல் அடிக்கும்போது ஊசியாகக் குத்தும். அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தைப் பத்தடி தூரத்தில் நின்று கேட்பதும், சீவாளிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பதும் ஒன்றா?

நான் வைத்திருப்பது டிடி 770 ப்ரோ, 80 ஓம். மூடிய முதுகு. அதிலும் அந்த மேடு உண்டு. போனில் வேவ்லெட் என்கிற ஈக்யூ ஆப் போட்டு அந்த இடத்தில் 4 டெசிபெல் இறக்கினேன், தொல்லை விட்டது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கப்புக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி விழுந்து பேஸ் கசியும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மைக்செட்_மாமா | திங்கள் காலை 9:40

அந்த ரீங்காரத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. தம்பி, எனக்கு மெட்டல் தெரியாது. என் மகன் கேட்பான், நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனால் 30 வருஷமாக மைக் செட் போடுகிறேன். எங்கள் தொழிலில் ஹம் வந்தால் யாரும் ஆம்ப்பைத் திட்டமாட்டோம், முதலில் எர்த்தைத்தான் பார்ப்போம். திருவிழா மேடையில் மிக்ஸருக்குக் கோயில் கரண்டும் ஆம்ப்புக்கு ஜெனரேட்டரும் எடுத்தால் நிச்சயம் உறுமும். இரண்டையும் ஒரே போர்டில் செருகினால் அடங்கிவிடும்.

நான்கு விஷயம் சொல்லு. உன் லேப்டாப் சார்ஜர் இரண்டு பின்னா, மூன்று பின்னா? சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் இரும்பு ஓரத்தைப் புறங்கையால் தடவினால் சுர்ரென்று இருக்கிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் ரீங்காரம் நிற்கிறதா? ஆம்ப்புக்குத் தனி அடாப்டர் உண்டா?

பாமணிக்கரை | திங்கள் இரவு 9:12

மாமா, பார்த்தேன். சார்ஜர் மூன்று பின்தான், ஆனால் எர்த் பின்னை நான்தான் ஒடித்துவிட்டேன். கூடத்தில் இருக்கும் பழைய பிளக் பாயின்டில் இரண்டு ஓட்டைதான் உண்டு. சுர்ரென்று இருக்கிறது, கால் வெறும் தரையில் பட்டால் இன்னும் அதிகம். சார்ஜரைப் பிடுங்கினால் ரீங்காரம் சுத்தமாக நின்றுவிடுகிறது! ஆம்ப்புக்குத் தனி அடாப்டர், மூன்று பின், அதை வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு எடுத்திருக்கிறேன்.

மைக்செட்_மாமா | திங்கள் இரவு 9:30

அவ்வளவுதான், ஆம்ப் மேல் குற்றமில்லை. சார்ஜருக்குள் இருக்கும் கண்டென்சர் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். அது எர்த்தில் இறங்க வேண்டியது. நீ அந்த வழியை ஒடித்துவிட்டாய். அது வேறு வழி தேடி, உன் ஆக்ஸ் வயரின் மேல்வலை வழியாக ஆம்ப்புக்குப் போய் அங்கேயிருந்து இறங்குகிறது. போகிற வழியில் உன் காதில் ஊதிவிட்டுப் போகிறது.

இன்றைக்கே பேட்டரியில் போட்டுக் கேள். ஆனால் அதோடு விட்டுவிடாதே. ஊர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல். நீயே டெஸ்ட் லாம்ப்பைத் தூக்கிக்கொண்டு இறங்காதே. பழைய ஓட்டு வீடு என்றாய், மீட்டர் போர்டிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பி இருக்கிறதா என்பதே சந்தேகம். ஹெட்ஃபோன் என்பது தலையில் மாட்டுகிற வயர், விளையாட்டில்லை.

குறட்டை | திங்கள் இரவு 9:44

என்னிடம் 4440 ஐசி போட்ட ஸ்பீக்கர் ஆம்ப் போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் ஸ்பீக்கர் அவுட்டில் ஹெட்ஃபோன் பின் வைத்துவிட்டால் ஆம்ப் செலவே இல்லையே?

மைக்செட்_மாமா | திங்கள் இரவு 9:58

ஐயோ, வேண்டாம். அந்த ஐசியை பிரிட்ஜில் போட்டிருந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு முனையுமே உயிர்முனை, எதுவும் கிரவுண்ட் கிடையாது. ஹெட்ஃபோன் பின்னில் இடம், வலம் இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றுதான். செருகிய நொடியில் ஷார்ட். கடை வைத்த புதிதில் நானே இப்படி ஒரு போர்டைப் பொசுக்கியிருக்கிறேன், அந்த வாடை மூன்று நாள் கடையில் இருந்தது. பிரிட்ஜ் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கருக்குச் செய்த ஆம்ப்பின் இரைச்சலை ஹெட்ஃபோன் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

தவில்கூடு | திங்கள் இரவு 11:30

தாமதமாக வருகிறேன், முகூர்த்த நாள். திருவாரூர்ப் பக்கம் தவில் குடும்பம் நாங்கள். வாசிப்பது கல்யாணத்தில், கேட்பது டெத் மெட்டல். அப்பாவுக்கு இது இன்னும் புரியவில்லை. ஆனால் அவரிடம் ஒரு கதை சொல்லித்தான் மடக்கினேன்.

பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-ல், 17 வயதில், வேலையின் கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துவது அந்த வலது கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். கம்பி இறுக்கமாக இருந்தால் வலிக்கும் என்று மெல்லிய கம்பிக்குப் போனார், பிறகு சுருதியையும் இறக்கினார். 1971-ல் பிளாக் சப்பாத் சுருதி ஒன்றரை ஸ்வரம் கீழே வந்துவிட்டது. இன்று நாம் கேட்கும் கனமெல்லாம் அங்கே தொடங்கியதுதான். அப்பா தன் வலது கை விரல்களில் மாட்டியிருந்த தவில் கூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவரும் கூடு மாட்டி வாசிச்சவரா" என்றார். அதற்குப் பிறகு திட்டுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஹெட்ஃபோனுக்கு வருகிறேன். சாதாரண சுருதியில் கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். அயோமி இறக்கியது 69. இன்றைய டெத் மெட்டலில் பி ஸ்வரம் வரைக்கும், அதாவது 62 வரைக்கும் போகிறார்கள். பேஸ் கிட்டாரின் ஈ கம்பி 41. கிக் டிரம்மின் "தொம்" 50-லிருந்து 100-க்குள். பாருங்கள், எல்லாம் ஒரே சந்துக்குள் முட்டிக்கொள்கின்றன.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 தட்டு) டபுள் பேஸ் பதினாறாம் சொல்லாக, அதாவது தட்டுக்கு நான்கு அடியாக ஓடினால் நொடிக்கு 13 அடி. அடிக்கும் அடிக்கும் நடுவே 75 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றுச் சுற்றவே 20 மில்லிசெகண்ட் ஆகும். நான்கு சுற்று முடிவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. பேஸை ஊதிப் பெருக்கிய ஹெட்ஃபோனில் முதல் அடியின் வாலில் இரண்டாம் அடி போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சொன்ன தகர மழை அதுதான்.

தவிலில் இடப் பக்கம் தொப்பியில் பூவரசங்கழி, வலந்தலையில் கூடு போட்ட விரல். வேகமாக உருட்டும்போது சொல் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் தொப்பியின் கும்கும் இல்லை, வலந்தலையின் "டக்". மெட்டலிலும் அதே கதைதான். கிக் டிரம்மை அடிக்கும் சுத்தி தோலில் படும் "டிக்" 2-லிருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது, அதை வைத்துத்தான் அடியை எண்ணுகிறோம். ஆகவே பேஸ் அதிகம் என்று விளம்பரம் செய்யும் ஹெட்ஃபோன் நமக்கு வேண்டாம். அடி பேஸ் அளவாக, நடு அலைவரிசை நேராக, மேலே குத்தாமல் இருக்க வேண்டும். என்னிடம் சென்ஹைசர் எச்டி 650 இருக்கிறது, 300 ஓம். கிட்டாரின் உடம்பு அதில் கேட்பது போல நான் வேறெதிலும் கேட்டதில்லை. 50-க்குக் கீழே சரிந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன்.

கருங்குயில் | செவ்வாய் காலை 6:50

கூட்டுக் கதைக்கு ஒரு கும்பிடு. ஆனால் உங்கள் எச்டி 650-ம் திறந்த முதுகுதான், கூடத்துக்கு ஆகாது. டிடி 770-ல் 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருப்பதும் உண்மை. கிட்டார் ஓரடி பின்னால் நிற்கும். எனக்கு பிளாக் மெட்டலுக்கு அது உறுத்தவில்லை. டூம் கேட்பவருக்கு உறுத்தும்.

கல்லணை2011 | செவ்வாய் காலை 10:20

ஆம்ப்புக்கு ஆம்ப் குணம் மாறும் என்பதையும் வெட்டாறு ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்பில் ஒரு ஹெட்ஃபோன் ஓட்டை உண்டு. அதில் என் நண்பனின் எச்டி 600-ஐச் செருகியபோது பேஸ் தடித்து, வெதுவெதுப்பாக, டூமுக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது. டாங்கிளில் அது இல்லை.

வெட்டாறு | செவ்வாய் மதியம் 1:05

ஒத்துக்கொள்கிறேன், அதற்கும் காரணம் உண்டு. பழைய ஸ்டீரியோ ஆம்ப்களில் ஹெட்ஃபோனுக்கென்று தனிச் சுற்று இருக்காது. ஸ்பீக்கர் வழியிலேயே 100, 200, சிலவற்றில் 400 ஓமுக்கு மேல் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு ஓட்டைக்கு இழுத்துவிடுவார்கள். எச்டி 600-ஐ 300 ஓம் என்கிறார்கள், ஆனால் அது எல்லா இடத்திலும் 300 இல்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500-ஐ ஒட்டி ஏறும். ரெசிஸ்டர் குறுக்கே நிற்கும்போது தடை அதிகமான இடத்துக்கு வோல்டேஜில் பெரிய பங்கு போகும், அங்கே சத்தம் கூடும். நீங்கள் கேட்ட வெதுவெதுப்பு அந்த ரெசிஸ்டர்தான். பிடித்திருந்தால் கேளுங்கள், தப்பில்லை. ஈக்யூவில் இரண்டு டெசிபெல் ஏற்றினாலும் அதுவேதான்.

அதே ஓட்டையில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் என்ன ஆகும்? 120 ஓம் ரெசிஸ்டர் என்று வையுங்கள். மொத்தம் 152-ல் 32, ஐந்தில் ஒரு பங்குதான் ஹெட்ஃபோனுக்கு. ஆம்ப்பின் உள்தடை (இப்படி வழியில் நிற்கும் தடை) ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான்.

நல்ல ஆம்ப் இரண்டை எடுத்து ஒலி அளவைச் சமமாக வைத்து, எது எது என்று தெரியாமல் கேட்டால் பெரும்பாலோருக்குப் பிரித்துச் சொல்ல வராது. சமமாக வைப்பதுதான் இதில் கஷ்டம். ஒரு டெசிபெல் கூடினாலே நமக்கு அது "தெளிவாக" இருப்பதாகத் தோன்றிவிடும்.

கல்லணை2011 | செவ்வாய் மதியம் 1:30

ரெசிஸ்டரை நான் காதலித்திருக்கிறேன் என்கிறீர்கள். சரி.

பாமணிக்கரை | புதன் இரவு 8:45

எலக்ட்ரீசியன் வந்தார். மீட்டர் போர்டிலிருந்து எர்த் கம்பி போகிறது, ஆனால் கொல்லைப்புறத்தில் ஜிஐ குழாயோடு சேரும் கிளாம்ப் துருப்பிடித்துப் பொடியாகிவிட்டது. குழியோ காய்ந்து வெடித்துக் கிடந்தது. புதுக் கிளாம்ப் போட்டு, உப்பும் கரியும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். "கோடையில் வாரம் ஒரு குடம் இதுக்கும் ஊத்து, தென்னைக்கு மட்டும் ஊத்தாதே" என்றார். கூடத்திலும் மூன்று பின் பாயின்ட் மாட்டியாயிற்று, சார்ஜர் வயரும் புதுசு. சுர் இல்லை, ரீங்காரமும் இல்லை. 15,000-ல் 1,400 போய்விட்டது. அம்மா ஹெட்ஃபோனைத் திட்டுவதா, வாழ்த்துவதா என்று தெரியாமல் இருக்கிறார். கிரைண்டரிலும் ஷாக் அடித்துக்கொண்டிருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லை.

தவில்கூடு அண்ணே, உங்கள் எச்டி 650-ஐ ஒருமுறை கேட்க முடியுமா? திருவாரூர் எனக்குப் பக்கம்தான். சித்தப்பா மகனிடம் டிடி 770, 80 ஓம் இருக்கிறது, அதையும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

தவில்கூடு | புதன் இரவு 10:15

சனிக்கிழமை சாயங்காலம் கமலாலயம் மேல்கரைக்கு வா தம்பி. பஸ் சத்தமும் கேட்கும், உண்மையான பரீட்சையாக இருக்கும்.

வெட்டாறு | வியாழன் காலை 8:20

போகும்போது பாட்டையும் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் டெத் மேக்னெடிக் வேண்டாம். சிடியில் அதை அவ்வளவு அமுக்கியதில் அலையின் உச்சியெல்லாம் தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டில் வெட்டுப்படாமல் வந்தன, கேட்டவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பெரிய சண்டையே போட்டார்கள். அந்தச் சிடியை எந்த ஹெட்ஃபோனில் போட்டாலும் உடைசல்தான், ஹெட்ஃபோனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய 1988 ஆல்பத்தை வைத்து பேஸ் எப்படி என்றும் பார்க்காதீர்கள், அதில் பேஸ் கிட்டாரைக் கலவையிலேயே காணாமல் செய்துவிட்டார்கள். நன்றாகத் தெரிந்த, சுமாராவது மூச்சு விடுகிற பதிவு மூன்று போதும்.

பாமணிக்கரை | சனி இரவு 11:40

போய் வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே போன், ஒரே டாங்கிள், இரண்டு ஹெட்ஃபோனையும் மாற்றி மாற்றி. போனில் ஒரு டெசிபெல் மீட்டர் ஆப், அதன் மைக்கைக் கப்புக்குள் வைத்து இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். அப்படியும் எச்டி 650-க்கு டாங்கிளில் சத்தம் பத்தவில்லை என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

டூமுக்கு எச்டி 650 எங்கேயோ இருக்கிறது. ஒரே ஒரு கார்டை அடித்துவிட்டு அது தேய்ந்து அடங்கும்வரை விடுவார்களே, அதில் கம்பியின் கரகரப்பு தனியாக, பெட்டியின் காற்று தனியாக, கடைசியில் வெறும் ரீங்காரம் (இது எர்த் ரீங்காரம் இல்லை!) என்று ஒவ்வொன்றாக உதிர்ந்தது. இத்தனை வருஷம் அந்தப் பாட்டில் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து மன்னார்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முழுதும் உள்ளே வந்துவிட்டது. பக்கத்துப் படியில் காலை நனைத்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

டிடி 770-ல் பஸ் பாதியாகக் குறைந்தது. டபுள் பேஸ் உதிரி உதிரியாக விழுந்தது, எண்ணிவிடலாம். கருங்குயில் அக்கா சொன்ன மாதிரி கிட்டார் ஓரடி தள்ளிப்போனதும் உண்மை. அக்காவின் ஈக்யூவோடு 200 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் ஏற்றி, மொத்தத்தையும் 3 இறக்கியதும் பாதித் தூரம் திரும்பி வந்தது. அண்ணே கேட்டுவிட்டு, "இதில் தவில் பதிவு போட்டால் நன்றாக இருக்கும் போலிருக்கே" என்றார். போட்டோம். இருந்தது.

டிடி 770, 80 ஓம் ஆர்டர் போட்டுவிட்டேன். ஆம்ப் இல்லை. 1 வோல்ட்டுக்கு வெட்டாறு கணக்குப்படி 107 டெசிபெல் வருகிறது, 3 போனாலும் 104. ஒரு டாங்கிள் போதும். நண்பனின் ஆம்ப்பை நாளை திருப்பிக் கொடுக்கிறேன்.

கல்லணை2011 | சனி இரவு 11:52

நல்ல முடிவு. ஒன்று மட்டும் கேள் தம்பி. மூடிய முதுகில் வெளிச் சத்தம் கேட்காததால் ஒலியைக் குறைத்து வைக்கலாம், அதுதான் அதன் பெரிய லாபம். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 88-ல் நான்குதான் தாங்கும், 91-ல் இரண்டு. மெட்டலில் அமைதியான இடமே கிடையாது என்பதால் காதுக்கு இளைப்பாற நேரமில்லை. என் விசில் மூன்று நாளில் போய்விட்டது என்று சொன்னேன் இல்லையா? முழுதும் போகவில்லை. அமைதியான இரவில் இடது காதில் இன்னும் இருக்கிறது.

கருங்குயில் | ஞாயிறு காலை 7:30

வாழ்த்துகள். அந்த வெல்வெட் பேட் நம் ஊர் வியர்வையைக் குடித்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்துவிடாமல் நிழலில் காயப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மூடி போட்ட டப்பாவில் இரண்டு சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். முன்பு என்னிடம் இருந்த வேறொரு ஹெட்ஃபோனில் ரெக்ஸின் பேட் ஒரே மழைக்காலத்தில் உரிந்து, காதெல்லாம் கருப்புத் துகள். அலுவலகத்தில் என்ன நோய் என்று கேட்டார்கள்.

மைக்செட்_மாமா | ஞாயிறு காலை 9:15

தம்பி, அந்த எர்த் குழிக்கு இந்த வாரத் தண்ணீர் ஊற்றியாயிற்றா?

பாமணிக்கரை | ஞாயிறு காலை 9:21

இப்போதுதான் மாமா, குடத்தோடு நிற்கிறேன்.